பேசிக் குறைத்த கடன்

தேங்காய்ப்பட்டணத்தில் சலாஹுதீனிடம் விலை சொன்ன எவரும், சொன்ன விலையோடு வீடு போய்ச் சேர்ந்ததில்லை. மீனானாலும் சரி, மரச்சீனிக் கிழங்கானாலும் சரி, கல்யாணப் பந்தல்காரனானாலும் சரி. பாதியில் தொடங்குவார். முகத்தைச் சுளிப்பார். வேண்டாமென்று எழுந்து நடப்பார். கொஞ்ச தூரம் போய், செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து நிற்பார். பின்னாலிருந்து "செரி, கொண்டு போவும்" என்ற குரல் வந்த பிறகுதான் நிமிர்வார். பெருநாளைக்குத் துணி எடுக்கப் போகிற தெருப் பெண்கள் பணத்தை மறந்தாலும் சலாஹுதீனைக் கூட்டிக்கொள்ள மறக்கமாட்டார்கள். மீன்துறையில் ஏலம் கூவியவருக்குப் பிறந்த பிள்ளை. வாப்பா விட்டுப்போன சொத்தில் தென்னை நின்ற கொஞ்சம் மண்ணும் இந்த வாயும்தான் அவர் பங்குக்கு வந்தன. "கேட்டா குறையும், கேக்கல்லேன்னா கூடும்" என்பார் வாப்பா. அதைவிடப் பெரிய பாடத்தை எந்தப் பள்ளிக்கூடமும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

அந்த வாய் ஒரே ஒரு நாள் அவரைக் கைவிட்டிருக்கலாம். பாழாய்ப்போனது கைவிடவில்லை.

வளைகுடா நாட்டுத் தம்மாமில் வருடக்கணக்காக லாரி ஓட்டிவிட்டு, ஒரு பெட்டியும் இடுப்பு வலியுமாக ஊர் திரும்பியவர் சலாஹுதீன். இனி அடுத்தவன் வண்டி ஓட்டுவதில்லை என்று முடிவெடுத்து, பைனான்ஸில் ஏழு பேர் போகிற வெள்ளை வண்டி ஒன்றை எடுத்தார். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு ஆள் ஏற்றுவது, இறக்குவது. தெருவுக்கு நாலு பேர் வளைகுடாவில் இருக்கிற ஊரில் அது மோசமான யோசனை இல்லை. மனைவி ரசூல் பீவி மட்டும் முதல் நாளே சொன்னாள், "வட்டிக்கு எடுத்த வண்டில பரக்கத் இருக்காது, வெளங்காது, பாத்துக்கிடுங்க." அவர் சிரித்தார். வட்டியையும் அரைப் பைசா குறைத்துப் பேசித்தான் வாங்கியிருந்தார்.

பைனான்ஸ் கம்பெனி ஜாமீன் கேட்டது. மாதச் சம்பளச் சீட்டு உள்ள ஆள் வேண்டுமாம். குடும்பத்தில் அப்படி ஒரே ஆள்தான் இருந்தாள், தங்கை சுல்ஃபியா. பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்த அவள் புருஷன் மாரடைப்பில் போனபோது, அதே பள்ளிக்கூடத்தில் இவளுக்கு ஆய்வக உதவியாளர் வேலை கொடுத்திருந்தார்கள். அந்தச் சம்பளத்தில்தான் ஒரே மகள் ரிஃபாவை வளர்த்தாள். பேனாவை வாங்கி, காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

"வாசிச்சுப் பாக்கல்லியாட்டி?" என்று கேட்டார் சலாஹுதீன்.

"நீங்க வாசிச்சாச்சுல்லா காக்கா. பின்ன எனக்கு என்னத்துக்கு?"

அவரும் வாசிக்கவில்லை. அதைத் தங்கையிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

இரண்டு வருடம் வண்டி ஓடியது. பிறகு இடுப்பு படுக்கப் போட்டது. முதுகுத்தண்டில் எலும்பு விலகி நரம்பை அழுத்துகிறது, ஸ்டியரிங்கைத் தொட்டால் கால் போய்விடும் என்றார் டாக்டர். கூலிக்கு டிரைவர் வைத்துப் பார்த்தார். வண்டி ஓடியதற்கும் டீசல் குடித்ததற்கும் சம்பந்தமே இல்லாமல் போனது. தவணை ஒன்று தவறியது, அப்புறம் அடுத்தது. போன் அடிக்கத் தொடங்கியது. தொழுகையில் நிற்கும்போதும் அடித்தது.

சாயாக்கடையில் உட்கார்ந்து யோசித்து, ஊரே சேர்ந்து ஒரு வழி சொன்னது. வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடு, கணக்கு தீர்ந்துவிடும். சலாஹுதீனுக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. இந்த ஊரில் கழுத்து நகை அடகுக்கடைக்குப் போகாத வீடு கிடையாது. மீட்க முடியாவிட்டால் பண்டம் முங்கிப்போகும். நகை போச்சே என்று பெண்கள் ரெண்டு நாள் மூக்கைச் சிந்துவார்கள், அதோடு முடிந்தது. முங்கின நகைக்கு மேலும் காசு கேட்டு எந்த அடகுக்கடைக்காரனும் வாசலில் வந்து நின்றதை யாரும் பார்த்ததில்லை. வண்டியும் அப்படித்தானே?

இரவல் வாங்கின சட்டியைக் கழுவாமல் திருப்பிக் கொடுத்துப் பழக்கமில்லாதவர். வண்டியை உள்ளும் புறமும் கழுவினார். இருக்கை இடுக்கில் கிடந்த பேரீச்சங்கொட்டையைக்கூடப் பொறுக்கி எடுத்தார். சக்கரம் ரெண்டு தேய்ந்திருந்தது, கடன் சொல்லி மாற்றினார். இத்தனையும் செய்து மார்த்தாண்டத்தில் கம்பெனி ஆள் எபிசன் கையில் சாவியைக் கொடுத்தபோது, மகளைக் கட்டிக் கொடுத்த தகப்பனைப்போல் வண்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நீட்டின தாளில் கையெழுத்துப் போட்டார். அதையும் வாசிக்கவில்லை.

சில மாதம் கழித்து நோட்டீஸ் வந்தது. வண்டியை ஏலத்தில் விற்றாயிற்று, விற்றது போக இரண்டு லட்சத்து அறுபத்து நான்காயிரம் பாக்கி, கடன் வாங்கியவரோ ஜாமீன்தாரரோ கட்ட வேண்டும் என்றது. ஒரு நகல் சுல்ஃபியாவின் பள்ளிக்கூட விலாசத்துக்கே போயிருந்தது. தலைமையாசிரியர் அதை வாசித்துவிட்டு அவள் மேசைமேல் வைத்தாராம்.

சலாஹுதீன் மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் மாடியிலிருந்த அந்த ஆபீஸுக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

"எபிசனே, வண்டி உங்க கையில. பின்ன என்ன பாக்கி? அடகு வச்ச பண்டம் முங்கினா கடைக்காரன் பின்னயும் வந்து காசு கேப்பானா?"

எபிசன் சின்ன வயதுக்காரன், கெட்டவனும் அல்ல. "பாய், அது தங்கம். தங்கத்துக்க வெல ஏறும். வண்டிக்க வெல இறங்கும். வித்தது போவ மிச்சத்த நீங்கதான் கெட்டணும். நீங்க ஒப்பு போட்ட பேப்பர்ல இருக்கு."

"ஏலம் எங்க நடந்தது? எத்தன பேரு வந்தானுவ?"

"ஆன்லைன்ல பாய்."

"ஆன்லைன்லயா? வாயத் தொறக்காம ஒரு ஏலமாடே?"

சிரிப்பு வந்தாலும் அது சிரிக்கிற கேள்வி அல்ல. மூன்று பேர் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு விலையை அமுக்குவதை அவர் மீன்துறையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். புதுச் சக்கரம் போட்டுக் கழுவி நிறுத்திய வண்டியை, அதைக் கண்ணால் பார்க்காத ஒருவன் கண்ணால் பார்க்காத இன்னொருவனுக்கு, அரை விலைக்குத் தள்ளிவிட்டிருக்கிறான். கேட்க நாதி இல்லை. ஆபீஸில் கத்தினார். போனில் கத்தினார். குழித்துறை கோர்ட் பக்கம் ஒரு வக்கீலைப் பார்த்தார். "கேஸ் போடலாம், நியாயமும் இருக்கு, ஆனா வருஷம் இழுக்கும்" என்றார் வக்கீல். இழுக்கட்டும், ஒரு சல்லிக் காசு கொடுக்கமாட்டேன் என்று வீறாப்பாகத்தான் இருந்தார் சலாஹுதீன். ரிஃபாவுக்கு பிளஸ் டூ ரிசல்ட் வரும்வரை.

ரிஃபா நல்ல மார்க் வாங்கியிருந்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரே ஆசை, நர்ஸிங். அவளுடைய வாப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற ஒரு நர்ஸை அவள் மறக்கவே இல்லை. மங்களூரில் ஒரு கல்லூரியில் இடம் இருந்தது. கல்விக்கடன் கிடைத்தால் போகலாம். பிள்ளை இல்லாத சலாஹுதீனுக்கு ரிஃபாதான் பிள்ளை. வெள்ளை உடுப்பில் அவளை ஏர்போர்ட்டில் ஏற்றிவிடுவதை அவர் மனதுக்குள் பலமுறை பார்த்தாயிற்று.

கருங்கல்லில் பாங்க் மேனேஜர் சத்தியபாய், கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு சுல்ஃபியாவிடம் சொன்னார். "பிள்ளைக்க கூடச் சேந்து கடன் எடுக்க வேண்டியது நீங்க. உங்க பேர்ல ஒரு வண்டிக்கடன் பாக்கி நிக்குது. அத முழுசும் கெட்டி முடிச்சிட்டு வாங்க, நான் போட்டுத் தாறேன்."

சுல்ஃபியா அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. முற்றத்தில் நின்றுகொண்டே மேனேஜர் சொன்னதைச் சொன்னாள். அந்த வாரமே சலாஹுதீன் வாப்பாவின் தென்னை மண்ணை விற்றார். அதிலும் பேரம் பேசி, கேட்ட விலைக்குமேல் பத்தாயிரம் கூட்டித்தான் விற்றார். கைக்கு வந்தது இரண்டு லட்சத்து எழுபதாயிரம். கடனை அடைத்து, ஒரு கிலோ நெய்மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரலாம்.

பணத்தைத் துணிக்கடைப் பையில் சுற்றிக் கொடுக்கும்போது சுல்ஃபியா சொன்னாள், "காக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லட்டா? முழுசும் கெட்டிட்டு வாங்க. அங்க போயி ஒரு பேச்சும் வேண்டாம்."

"ஒரு பேச்சும் இல்ல மக்கா. குடுக்கேன், ரசீது வாங்கேன், வாறேன்."

அவர் சொன்னதை மனதாரத்தான் சொன்னார். மாடி ஏறும்வரை அவருக்கு வேறு நினைப்பே இல்லை. எபிசன் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினான். மாதக் கடைசி, வசூல் கணக்கு காட்ட வேண்டிய நேரம். அவன் தூங்கியதாகத் தெரியவில்லை. பையைப் பார்த்தவன், கேட்கக்கூடாத அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"எவ்வளவு கொண்டு வந்திருக்கீங்க பாய்?"

வியாபாரி வீட்டில் பிறந்தவனிடம் இதைக் கேட்கலாமா? கட்ட வேண்டியது இவ்வளவு என்று சொல்லியிருந்தால் எண்ணி வைத்துவிட்டு வந்திருப்பார். கையில் எவ்வளவு என்று கேட்கிறவனுக்கு அவன் விலைமேல் அவனுக்கே நம்பிக்கை இல்லை. அது வாப்பாவின் மடியில் உட்கார்ந்து கற்ற பாடம். சலாஹுதீனின் முதுகு தானாக நிமிர்ந்தது. பையை மெதுவாக மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"அம்பது இருக்கு" என்றது வாய்.

"அய்யோ பாய், அம்பதுக்கு என்ன செய்ய? ரெண்டாவது தாங்க."

ஒரே மூச்சில் அறுபத்து நான்காயிரம் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவரைப் பிடித்து நிறுத்த அந்த அறையில் யாரும் இல்லை. எங்கே போனாலும் கூடவே கொண்டுபோகும் இடுப்பு எக்ஸ்ரே கவரை எடுத்து மேசைமேல் போட்டார். புதுச் சக்கரத்தைச் சொன்னார். வாயில்லா ஏலத்தைச் சொன்னார். சாயா வந்தது, வேண்டாமென்று தள்ளினார். எழுந்து வாசல்வரை போனார், செருப்பைச் சரிசெய்தார். "பாய், இருங்க" என்றான் எபிசன். சென்னைத் தலைமை ஆபீஸுக்குப் போன் போட்டான். ஒன்றேமுக்கால் என்றான். எண்பது என்றார். ஒன்றரை என்றான். நூறு, எனக்க பெண்டாட்டிக்க காதுல கெடந்ததும் சேத்து, என்றார். ரசூல் பீவியின் காதில் கம்மல் பத்திரமாகத்தான் கிடந்தது. மறுபடியும் சென்னை. கடைசியில் எபிசன் போனைப் பொத்திக்கொண்டு, "ஒண்ணு முப்பது. இதுக்குக் கீழ எனக்க வேல போவும் பாய்" என்றான்.

சலாஹுதீன் மேலே பார்த்தார். பெருமூச்சு விட்டார். "செரி, எழுது" என்றார்.

எபிசன் தாளை நீட்டும்போது, பேனாவைக் கொடுக்காமல் கொஞ்சம் தயங்கினான். "பாய், ஒரு விஷயம். முழுசா கெட்டுறது வேற, இப்பிடி பேசி முடிக்கிறது வேற. பின்னால பாங்குல எதும் கடன் கேட்டா இது காட்டும். வாசிச்சுப் பாத்திட்டு ஒப்பு போடுங்க."

நல்ல மனதோடு சொன்னான். ஆனால் பேரம் படிந்த பிறகு விற்கிறவன் கடைசியாக ஒரு பயமுறுத்தல் போடுவதை சலாஹுதீன் எத்தனை பார்த்திருக்கிறார். இந்த விலைக்குக் கொண்டு போனா மீனு கெட்டுப்போவும் என்பது மாதிரி. "எனக்க கிட்டயாடே?" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். கழிவறைக்குப் போய்ப் பணத்தைப் பிரித்து எண்ணிக்கொண்டு வந்து கொடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்திருந்தது அவர் அல்ல, அவருக்குள் இருந்த சுல்தான். மிச்சப் பணத்தில் ஒரு ரூபாய்கூட அவர் தனக்கென்று எடுக்கவில்லை. கருங்கல்லில் இறங்கி, கல்லூரி ஏஜென்டின் கடையில் ரிஃபாவின் சீட்டுக்கு முன்பணமாக ஏறக்குறைய அத்தனையையும் கட்டினார். பாக்கிப் பீஸுக்கு பாங்க் கடன் வரும். முன்பணத்தில் ஒரு பங்குக்கு சுல்ஃபியா கழுத்துச் சங்கிலியை விற்க இருந்தாள், அதுவும் தப்பித்தது. ஒரே கல்லில் ரெண்டு மாங்காய்.

"முழுசும் கெட்டச் சொன்னேன்லா காக்கா?" என்றாள் சுல்ஃபியா, முகம் வாடி.

அவர் கல்லூரி ரசீதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரிஃபா உள்ளேயிருந்து ஓடிவந்து, "எங்க மாமா பேசினா கம்பெனியே எறங்கும்" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அன்று நெய்மீன் ஒரு கிலோ அல்ல, இரண்டு கிலோ வந்தது. சாயாக்கடையில் அந்தக் கதையை அவர் பலமுறை சொன்னார். ஒவ்வொரு தடவையும் எபிசன் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கெஞ்சினான்.

அடுத்த மாதம் மூன்று பேருமாக பாங்குக்குப் போனார்கள். ரிஃபா சர்டிபிகேட் ஃபைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். சத்தியபாய் கம்ப்யூட்டரைத் தட்டினார். தட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"முழுசும் கெட்டல்லியா நீங்க?"

"தீத்தாச்சு மேடம்" என்று எபிசன் கொடுத்த தாளை எடுத்து வைத்தார் சலாஹுதீன். "பாக்கி ஒண்ணும் இல்லேன்னு அவங்களே எழுதித் தந்திருக்கு."

"அவங்களுக்கு பாக்கி இல்ல. செரிதான். ஆனா ஒரு லட்சத்து முப்பத்தி நாலாயிரத்த அவங்க விட்டுக் குடுத்து முடிச்சிருக்கு. அதயும் சேத்து இதில ஏத்தி வச்சிருக்கு. கடன முழுசா கெட்டாத ஆளுன்னு காட்டுது, உங்களயும் ஜாமீன் போட்ட இவங்களயும். இத வச்சு நான் கடன் போட்டா மேல இருந்து திருப்பி அனுப்பிருவாங்க."

"அவங்க விட்டுக் குடுத்ததுல்லா மேடம்? நான் கொள்ளையா அடிச்சேன்?"

சத்தியபாய் சுல்ஃபியாவைப் பார்த்துத்தான் சொன்னார். "நான் அன்னைக்கே சொன்னேனே. முழுசும் கெட்டியிருந்தா இந்நேரம் ஒப்பு போட்டிருப்பேன்."

வேறு யாரையாவது சேர்க்கலாமா என்று கேட்டார்கள். வாப்பா இல்லாத பிள்ளை. மாமன் கணக்கு தாயின் கணக்கைவிட மோசம். மாமிக்குச் சம்பளம் இல்லை. விட்டுக் கொடுத்த தொகையைக் கம்பெனியில் கட்டி, அவர்கள் அதைத் திருத்தி அனுப்பினால் மறுபடியும் பார்க்கலாம் என்றார் சத்தியபாய். கட்டலாம்தான். அந்தப் பணம் மங்களூரில் கல்லூரிக் கணக்கில் கிடந்தது.

பாங்குக்கு வெளியே வெயிலில் நின்றபோது, ரிஃபா தண்ணீர் வாங்கக் கடைப்பக்கம் போயிருந்த நேரத்தில், சுல்ஃபியா ஒரே ஒரு தடவை சொன்னாள்.

"நான் சொன்னேன்லா காக்கா. ஒரு பேச்சும் வேண்டாம்னு."

திட்டியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். அவள் குரலில் கோபமே இல்லை, களைப்புதான் இருந்தது. சலாஹுதீனுக்கு அந்த இடத்திலேயே செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. சாவு அவ்வளவு லேசில் வருமா? பஸ்தான் வந்தது.

அதற்குப் பிறகு அவர் முட்டாத கதவு இல்லை. கல்லூரி ஏஜென்ட், கட்டின முன்பணத்தை எந்தக் கல்லூரியும் திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை என்றான். எபிசனிடம் போனார். "கணக்க மூடி சென்னைக்கு அனுப்பியாச்சு பாய். இனி நீங்க முழுசும் கெட்டினாலும் அவங்க திருத்தி ஏத்த மாசம் ஆவும். நான் அன்னைக்கு சொன்னேன்லா?" என்று அவன் தலை குனிந்துகொண்டான். வேறொருவரை ஜாமீன் கேட்டு, சொந்தபந்தம் என்று வளைகுடாக் காசு இருந்த வீடுகளுக்கெல்லாம் போனார். எல்லோரும் சாயா கொடுத்தார்கள். யாரும் பேனாவை எடுக்கவில்லை. தங்கச்சி ஜாமீன் போட்டு, பள்ளிக்கூடத்துக்கே நோட்டீஸ் வந்தது ஊருக்கே தெரியும். அதைச் சாயாக்கடையில் உட்கார்ந்து ஊருக்குச் சொன்னதே அவர்தானே.

ரசூல் பீவி கம்மலைக் கழற்றி வைத்தாள். அதன் விலை ஒரு மூலைக்குக் காணாது. சுல்ஃபியாவின் சங்கிலியைச் சேர்த்தாலும் காணாது. விற்க மண்ணும் இல்லை. மீன்துறையில் ஒரு வியாபாரிக்காக ஏலம் கூவப் போய்க்கொண்டிருந்தார், அந்தக் கூலி அரிசிக்குச் சரியாகப் போனது. படகு வந்து மீனைக் கொட்டியதும் கூட்டம் சூழும். விலையை ஏற்ற வேண்டிய நேரத்தில் அவருக்குத் தொண்டை வறண்டுவிடும். வாங்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

பாக்கிப் பீஸ் கட்டக் கல்லூரி சொன்ன தேதி வந்தது, போனது. ரிஃபாவின் இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அன்று முழுக்க ரிஃபா அறைக்குள் இருந்தாள். மறுநாள் வெளியே வந்து பாத்திரம் கழுவினாள். பிறகு, மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனுக்கு ஆள் கேட்கிறார்கள், மாமா கூட வந்தால் போய்ப் பார்க்கலாம் என்றாள். நர்ஸிங் என்ற வார்த்தை அவள் வாயில் வரவில்லை. அவள் கேட்காததுதான் சலாஹுதீனை அரம்போல் அறுத்தது.

ஸ்கேன் சென்டர் மேனேஜர் ஜான்ரோஸ் மரியாதையான மனிதர். ரிஃபாவின் மார்க்கைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு மார்க் இருக்கே, மேல படிக்கல்லியாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சார். கொஞ்ச நாளு வேல பாக்கலாம்னு" என்றாள் ரிஃபா.

அவர் தலையாட்டிவிட்டு, சலாஹுதீனின் பக்கம் திரும்பினார். "சம்பளம் எவ்வளவு எதிர்பாக்கறீங்க பாய்?"

எவ்வளவு என்று கேட்கிறவனுக்கு விலை உறுதியில்லை. இதைத் தெரிந்துகொள்ள சலாஹுதீனுக்கு யோசிக்க வேண்டியதே இல்லை. பன்னிரண்டு என்று தொடங்கினால் பத்தில் வந்து நிற்கும். ரிஃபாவும் அவரைத்தான் பார்த்தாள், மாமா பேசுவதை இப்போது பார் என்று கண்ணில் லேசான சிரிப்போடு. அவர் வாயைத் திறந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தான் ஒரு வார்த்தை பேசினால் இந்த வேலையும் இவளுக்கு இல்லாமல் போய்விடும் என்று பயந்தார்.

ஜான்ரோஸ் காத்திருந்தார்.

"நீங்க தாறது போதும் சார்" என்றாள் ரிஃபா.

"செரி. இப்ப ஏழாயிரம் தாறேன். போகப் போகப் பாப்போம்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள் ரிஃபா. மேம்பாலம் தாண்டியது. அவள் முழங்கையால் மாமாவை மெல்ல இடித்தாள். அவரைச் சிரிக்க வைக்கத்தான்.

"என்ன மாமா இப்பிடி கைவிட்டுட்டீங்க? நீங்க மட்டும் வாயத் தொறந்திருந்தா பத்தாயிரம் கெடச்சிருக்கும். கம்பெனியவே எறக்கின ஆளு."

சலாஹுதீனுக்கு அப்போதுதான் புரிந்தது. சுல்ஃபியா மகளிடம் சொல்லவில்லை. பாங்க் ஏன் கடன் தரவில்லை, அன்று பையில் முழுப் பணமும் இருந்தது, ஒரு பேச்சும் வேண்டாம் என்று சொல்லியனுப்பியது, எதையுமே சொல்லவில்லை. இந்தப் பிள்ளை இன்னும் மாமாவின் வாயை நம்பிக்கொண்டிருக்கிறது.

இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று அவர் அவள் பக்கம் திரும்பினார். கண்டக்டர் வந்து நின்று, எங்கே போகணும் என்று கேட்டார். தேங்காப்பட்டணம் என்று ரிஃபாதான் சொன்னாள்.